"அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது சரியா? கொடைக்கானலோடு தொடர்புடைய மூன்று வழக்குகள்

நமது சமுதாயத்தில் யாராவது ஒருவர் மீது குற்ற வழக்கு பதிவாகிவிட்டால், பள்ளிவாசல் திண்ணையிலும் டீக்கடையிலும் தவறாமல் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "கீழ்க்கோர்ட்டில் என்னவோ ஆகட்டும், ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்." சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அதை நம்பும் குடும்பம் விசாரணைக்கு வக்கீல் வைப்பதில் சிக்கனம் பார்க்கிறது. நம் பக்கம் பேசக்கூடிய சாட்சியை அழைத்துப் போவதில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஆஜரானால் போதும் என்று இருந்துவிடுகிறது. தண்டனை வந்த பிறகு, நகையை அடகு வைத்துப் பெரிய வக்கீலைப் பிடிக்கிறார்கள். அவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, "இந்த விஷயத்தை அங்கேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் குடும்பத்திடம் பதில் இருப்பதில்லை.

மேல்முறையீடு என்பது இரண்டாவது விசாரணை அல்ல. இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழனி மலைத்தொடரில், கொடைக்கானலோடு தொடர்புடைய வழக்குகளே போதும்.

முதல் வழக்கு எல்லோரும் அறிந்ததுதான். 2001 அக்டோபர் 31 அன்று கொடைக்கானலை ஒட்டிய டைகர் சோலை வனப்பகுதியில் ஓர் ஆணின் சடலம் கிடந்தது. இன்னார் என்று தெரியாத நிலையில் கொடைக்கானல் போலீசார் வழக்குப் பதிந்தனர். பிரேதப் பரிசோதனை நடந்தது. உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. சில வாரங்களில் விஷயம் வெளிவந்தது. சரவண பவன் உணவகங்களின் நிறுவனர் பி. ராஜகோபால், ஏற்கெனவே திருமணமான ஓர் இளம்பெண்ணை மணக்க விரும்பினார். அந்தப் பெண் மறுத்தார். அவருடைய கணவர் சென்னையிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். மலையில் கிடந்த உடல் அந்தக் கணவருடையது. கழுத்து நெரிக்கப்பட்டதால் மூச்சுத் திணறி மரணம் என்றது மருத்துவ அறிக்கை.

விசாரணை பூந்தமல்லியில் உள்ள கூடுதல் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. விசாரணை என்றால் என்ன என்பதை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம். அரசுத் தரப்பு ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறது. நம் வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிறார். துணி, செல்பேசிப் பதிவு, மருத்துவர் அறிக்கை என ஒவ்வொன்றும் எண் போடப்பட்டுக் கட்டில் சேர்கிறது. கொடைக்கானல் வழக்கில் உடலை அடையாளம் காட்டுவதே பெரிய பிரச்சினை. இறந்தவரின் மனைவி புகைப்படங்களையும் உடைகளையும் பார்த்து அடையாளம் சொன்னார். மண்டை ஓட்டின் படத்தையும் உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் சோதனையும் நடந்தது. இவை எல்லாமே விசாரணை நீதிமன்றத்தில், நீதிபதியின் கண்ணெதிரே வைக்கப்பட்டன.

சாட்சி தடுமாறுகிறாரா, கேள்வியைக் கேட்டதும் யாரைத் திரும்பிப் பார்க்கிறார், நேரே பதில் சொல்கிறாரா சுற்றி வளைக்கிறாரா என்பதெல்லாம் விசாரணை நீதிபதி மட்டுமே பார்க்கக்கூடியவை. சாட்சியின் நடத்தை குறித்து அவர் குறிப்பு எழுதி வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. மேல்முறையீட்டு நீதிபதி முன் அந்த முகம் வருவதில்லை. வருவது தட்டச்சு செய்த தாள். அதனால்தான் 1934-ல் ஷியோ ஸ்வரூப் வழக்கில், சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் கருத்துக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. இன்றுவரை நம் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

2004 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றமாகாத மரணத்தை விளைவித்தல், கடத்தல் ஆகியவற்றின் கீழ் ராஜகோபாலுக்குப் பத்தாண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. கொலைக் குற்றம், அதாவது பழைய சட்டத்தின் 302-வது பிரிவு, நிரூபணமாகவில்லை என்பதுதான் அதன் பொருள். தண்டிக்கப்பட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அரசும் போனது, இது கொலையே என்று.

2009 மார்ச் 19 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சிகளும் ஆவணங்களும் விசாரணை நீதிமன்றம் பார்த்தவையேதான். அவற்றிலிருந்து இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு வந்து சேர்ந்த முடிவு மட்டும் வேறு. இது கொலையே என்று சொல்லி, பத்தாண்டை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டி.என்.ஏ. சோதனை செய்யப்படவில்லையே என்ற வாதம் அங்கே வைக்கப்பட்டது. மற்ற ஆதாரங்கள் உறுதியாக இருக்கும்போது அது ஒன்று இல்லாததால் வழக்கு விழுந்துவிடாது என்றது நீதிமன்றம். சரணடைய ஜூலை 7 வரை அவகாசம் தரப்பட்டது. உடல்நிலையைக் காட்டிக் கூடுதல் அவகாசம் கேட்டும் கிடைக்கவில்லை. ஜூலை 9 அன்று ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்த ராஜகோபால், ஜூலை 18 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

மேலே போனால் தண்டனை குறையும் அல்லது அப்படியே இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கூடவும் செய்யலாம் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மேல்முறையீட்டுக்கே பயந்துவிடக் கூடாது. தண்டிக்கப்பட்டவர் மட்டும் மேல்முறையீடு செய்திருந்தால், அந்த மேல்முறையீட்டிலேயே அவருடைய தண்டனையைக் கூட்ட முடியாது. அதற்கு அரசின் மேல்முறையீடோ, நீதிமன்றமே தனியாக நோட்டீஸ் கொடுத்து எடுக்கும் சீராய்வோ வேண்டும். ராஜகோபால் வழக்கில் அரசும் எதிர்த்து வந்திருந்தது.

இரண்டாவது வழக்கு எதிர்த்திசையில் போனது. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல், மலைப்பகுதிக் கட்டட விதிகள் அனுமதிக்காத உயரத்துக்கு ஏழு தளங்களாக எழுந்தது. விதிவிலக்கு அளித்து அரசு ஆணை போட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு உயர் நீதிமன்றம் சென்று, 1995-ல் அந்த விதிவிலக்கை ரத்து செய்ய வைத்தது. அது ரிட் வழக்கு. அதில் யாருக்கும் சிறை இல்லை. பிறகு அதே விவகாரத்தில் ஊழல் வழக்கு வந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று சென்னைத் தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா, முன்னாள் அமைச்சர் செல்வகணபதி உள்ளிட்டோருக்கு ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுதலை செய்தது. இங்கேயும் புதிய சாட்சி எதுவும் வரவில்லை. இருந்த கட்டைப் படித்த இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு முடிவுக்கு வந்தன.

ஒரே உண்மைகளிலிருந்து இரண்டு தீர்ப்புகள் என்பது நமக்குப் புதிதல்ல. அல்அன்பியா அத்தியாயத்தில் வரும் விளைநிலத் தகராறு நினைவிருக்கும். இரவில் ஆடுகள் புகுந்து ஒருவருடைய பயிரை மேய்ந்துவிட்டன. தாவூத் (அலை) அவர்கள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். சுலைமான் (அலை) அவர்கள் வேறொரு தீர்ப்பைச் சொன்னார்கள். ஆடுகள் எத்தனை, பயிர் எவ்வளவு போனது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. இருவருக்குமே ஞானமும் கல்வியும் வழங்கியதாகத்தான் அல்லாஹ் அங்கே குறிப்பிடுகிறான். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால் கீழே இருந்த நீதிபதி அநியாயக்காரர் என்று பொருளல்ல.

மூன்றாவது வழக்கு இந்த இரண்டாவதிலிருந்து முளைத்தது. சொல்லவே மனம் கனக்கிறது. பிளசன்ட் ஸ்டே தீர்ப்பு வந்த அதே நாளில் மாநிலம் முழுவதும் கலவரம். தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகி இறந்தார்கள். இந்த வழக்கில் விசாரணையே தடம் மாறிப் போகும் நிலை வந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, மறுபடி நடந்தது. மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தால், பிறழ்ந்த சாட்சியங்கள்தான் கட்டில் இருந்திருக்கும். அந்தக் கட்டை வைத்துக்கொண்டு எந்த உயர் நீதிமன்றத்தாலும் அதிகம் செய்திருக்க முடியாது. விசாரணை நடக்கும்போதே விசாரணைக்காகப் போராடிய அந்தத் தந்தையின் முடிவுதான் வழக்கைக் காப்பாற்றியது என்பது நமது கருத்து.

2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தூக்கு என்றால் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கட்டு தானாகவே உயர் நீதிமன்றம் போயாக வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. அங்கே சாட்சியங்கள் முழுவதையும் நீதிபதிகள் மறுபடி எடை போட வேண்டும். தேவைப்பட்டால் கூடுதல் சாட்சியம்கூட எடுக்கலாம். உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2010-ல் உறுதி செய்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் மறுஆய்வு மனுவில் 2016 மார்ச் 11 அன்று அதே உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் அரசு அவர்களை முன்கூட்டியே விடுவித்தது. அது நிர்வாக முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல.

இனி நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் விஷயத்துக்கு வருவோம்.

கொடைக்கானலில் ஒரு கடைத் தகராறு அடிதடியாகி, அங்குள்ள நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் ஓராண்டு தண்டனை வந்தால், மேல்முறையீடு நேரே மதுரைக்குப் போகாது. திண்டுக்கல்லில் உள்ள அமர்வு நீதிமன்றத்துக்கு, 30 நாட்களுக்குள் போக வேண்டும். அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த வழக்கு என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு 60 நாட்களுக்குள். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்கச் செலவான நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம். ஆனால் "வக்கீல் சொல்லவில்லை" என்ற காரணத்தை எல்லா நீதிபதியும் ஏற்பார் என்று நம்பி இருக்க வேண்டாம். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

மேல்முறையீடு போட்டதாலேயே சிறைக் கதவு திறந்துவிடாது. தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் தரும்படி தனியாக மனு போட வேண்டும். தண்டனை மூன்றாண்டுக்கு மேற்படாமல் இருந்து, விசாரணைக் காலத்தில் அவர் ஜாமீனில் இருந்திருந்தால், மேல்முறையீடு செய்யப் போகிறேன் என்று சொல்லி, தண்டித்த நீதிமன்றத்திலேயே சில நாள் ஜாமீன் பெறலாம். இதைத் தீர்ப்பு நாளிலேயே கேட்க வேண்டும் என்பதால், வக்கீல் அன்று கட்டாயம் கோர்ட்டில் இருக்க வேண்டும்.

தண்டனை நிறுத்தப்படுவதும், குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்தப்படுவதும் ஒன்றல்ல. டான்சி வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் குற்றத்தீர்ப்பு நின்றதால் அவர் முதல்வர் பதவியில் இருக்க முடியாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். வெளியே வந்துவிட்டார் என்பதற்காக வேலை தப்பிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

விசாரணையின் கடைசியில், அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்விகள் கேட்பார். வக்கீல்கள் இன்னும் பழைய பிரிவு எண்ணைச் சொல்லி "313" என்றே இதை அழைக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடுகிறது. சம்பவ நேரத்தில் நீங்கள் வத்தலக்குண்டில் ஒரு நிக்காஹ் விருந்தில் இருந்தீர்கள் என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அதற்கு அடுத்து எதிர்த்தரப்புச் சாட்சிகளை அழைக்கும் வாய்ப்பு வரும். அங்கே அந்த விருந்தின் வீடியோவையும் விருந்து கொடுத்தவரையும் கொண்டுவந்தால் அது கட்டில் ஏறும். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது அபூர்வமாகத் திறக்கும் கதவு. கையில் இருந்ததைக் கொடுக்காமல் விட்டவருக்காக அது எளிதில் திறப்பதில்லை.

கட்டில் இருப்பது எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு குஜராத்தின் அக்ஷர்தாம் வழக்கு ஓர் உதாரணம். 2002-ல் நடந்த அந்தத் தாக்குதலுக்காக ஆறு முஸ்லிம்களைப் பொடா நீதிமன்றம் 2006-ல் தண்டித்தது, மூவருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்தது. போலீசாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களை அவர்கள் மறுத்திருந்தார்கள். இரண்டு நீதிமன்றங்கள் ஏற்காத அந்த மறுப்பு பதிவில் இருந்தது; மூன்றாவது நீதிமன்றம் அதைப் படித்தது. ஆனால் பத்தாண்டுக்கு மேல் சிறையில் போனதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

கீழே விடுதலை கிடைத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா? ஓரளவுக்கு இருக்கலாம். நிரபராதி என்ற அனுமானம் விடுதலைக்குப் பின் இரட்டிப்பு வலுவாகிறது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சந்திரப்பா வழக்கில் சொன்னது. ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வர முடியும் என்றால், விடுதலை செய்த முடிவை மேல் நீதிமன்றம் கலைக்கக் கூடாது. ஆனாலும் அரசு மேல்முறையீடு செய்யலாம் என்பதால், விடுதலையானவர் முகவரி மாறினால் வக்கீலிடம் தெரிவித்து வைப்பது நல்லது. நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிய கதைகள் நிறைய உண்டு.

பாதிக்கப்பட்டது நம் குடும்பம் என்றால்? ராஜகோபால் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மாதத்தில், கணவரை இழந்த அந்தப் பெண்ணுக்குத் தானாக மேல்முறையீடு செய்யும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரவில்லை. அரசு செய்தால்தான் உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 31 முதல் சட்டம் மாறியது. குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ, பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் போதாது என்பதற்காக மட்டும் செய்ய முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 413-வது பிரிவாக இந்த உரிமை தொடர்கிறது.

பணம் இல்லை என்பதால் மேல்முறையீட்டைக் கைவிட வேண்டாம். சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளரிடமே மனுவைக் கொடுக்கலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை. காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். இதே உதவி, முதல் வாய்தாவில் இருந்தே, விசாரணைக்கும் கிடைக்கும்.